சீழ் நிறைந்த ஒரு சொல்

சில வருடங்களுக்கு முன்பு உறவினர் ஒருவருக்குச் சர்க்கரை நோயால் காலில் புண் வந்து, ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். துணைக்கு இருந்தவன் நான். ஒருநாள் காலை ரவுண்ட்ஸ் நேரத்தில் பயிற்சி டாக்டர் ஒருவர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பின்னால் நின்ற பெரிய டாக்டரிடம், "சார், இன்னும் பஸ் டிஸ்சார்ஜ் இருக்கு" என்றார். பக்கத்துக் கட்டிலில் கிடந்த பேரனுக்குத் துணையாக வந்திருந்த பாட்டி முகம் மலர்ந்து எங்கள் பக்கம் திரும்பினார். "கேட்டியாய்யா? டிஸ்சார்ஜ் பண்றாங்களாம். பஸ்ஸுலயே போயிரலாமாம்!"

பாட்டியின் மேல் தப்பில்லை. ஊருக்குப் போகிற பஸ்ஸும் புண்ணில் வருகிற பஸ்ஸும் தமிழ் எழுத்தில் ஒன்றுதான். பல வாய்களில் ஒலியும் ஒன்றுதான். டிஸ்சார்ஜ் என்பதற்கோ நம் ஊரில் வீட்டுக்கு அனுப்புவது என்ற ஒரே பொருள்தான் உண்டு. வடிவது, ஒழுகுவது என்ற பொருள் டாக்டர்களோடு நின்றுவிட்டது.

இதில் வேடிக்கை, இரண்டு பஸ்ஸுமே லத்தீன் வீட்டுப் பிள்ளைகள். வண்டியாகிய பஸ், 'ஆம்னிபஸ்' என்ற சொல்லின் வால். ஆம்னிபஸ் என்றால் லத்தீனில் 'எல்லாருக்கும்' என்று பொருள். அதில் 'பஸ்' என்பது பன்மைக்கு வரும் நான்காம் வேற்றுமை உருபின் பகுதி. தனியாக அதற்கு ஒரு பொருளும் கிடையாது. 'எல்லாருக்கும்' என்ற சொல்லில் தலையை வெட்டிவிட்டு, 'உக்கும்' வந்துவிட்டது, ஏறு என்று சொல்வதைப் போன்றதுதான் 'பஸ் வந்துவிட்டது' என்பதும். ஆனால் புண்ணில் வரும் பஸ் வாலும் இல்லை, ஒட்டும் இல்லை. முழுச் சொல். ரோமானியர்கள் அதைப் 'பூஸ்' என்று நெடிலாகச் சொன்னார்கள். அவர்களுக்கும் அது சீழ்தான்.

அன்றைக்கு அந்தப் பயிற்சி டாக்டர் வாயால் 'பஸ்' என்று சொன்னாரே தவிர, கேஸ் ஷீட்டில் அப்படி எழுதவில்லை. 'பியூருலென்ட்' என்று எழுதினார். சீழ் என்ற பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்த பெயரடை அது. சீழ் நிறைந்த, சீழாக வருகிற, சீழின் தன்மையுள்ள என்று இடத்துக்கேற்பப் பொருள் கொள்ளலாம். சளி பியூருலென்ட், கண் பீளை பியூருலென்ட், மூளைச்சவ்வு வீக்கம் பியூருலென்ட் என்று எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து உட்காரும்.

'பஸ்' என்பதோடு ஒரு 'ஈ' சேர்த்தால் இங்கிலீஷில் எளிதாகப் பெயரடை கிடைத்துவிடுமே, எதற்கு இந்த நீளம் என்று கேட்கலாம். அப்படிச் சேர்த்து எழுதினால், எழுத்தளவில் பூனையைச் செல்லமாகக் கூப்பிடுகிற சொல்லாகிவிடும். அந்தச் சொல்லுக்கு அதைவிடச் சங்கடமான இன்னொரு பொருளும் உண்டு. கேஸ் ஷீட்டில் அதை எழுதிவைத்துவிட்டுப் பேராசிரியர் முன்னால் நிற்க எந்த மாணவருக்கும் துணிச்சல் வராது. ஆகவே லத்தீன்.

அந்த லத்தீனில் ஒரு சிறு புதிர் இருக்கிறது. மூலச்சொல் 'பூஸ்'. அப்படியானால் பெயரடையில் 'ஸ்' எங்கே போயிற்று? 'ர்' எங்கிருந்து வந்தது?

பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம் ஆவதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். திரிதல் என்று அதற்குப் பெயர். லத்தீனிலும் இதைப் போல ஒரு திரிபு நடந்தது. இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட 'ஸ்', நாளடைவில் 'ர்' ஆகிவிட்டது. பூவுக்கு 'ஃப்ளோஸ்', பூவினுடைய என்றால் 'ஃப்ளோரிஸ்'. நாட்டுப்புறத்துக்கு 'ரூஸ்', அதனுடைய என்றால் 'ரூரிஸ்'. நாம் சொல்லும் 'ரூரல்' அங்கிருந்து வந்தது. அதே வாய்ப்பாட்டில் சீழுக்குப் 'பூஸ்', சீழினுடைய என்றால் 'பூரிஸ்'. இந்த மாற்றம் கி.மு. 4-ஆம் நூற்றாண்டு வாக்கில் முடிந்துவிட்டது. பப்பீசியஸ் என்று இருந்த ஒரு ரோமானியக் குடும்பப் பெயர் அந்தக் காலத்தில்தான் பப்பீரியஸ் என்று மாறியதாகப் பின்னாளில் சிசரோ ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார். மொழி ஆராய்ச்சிக்காரர்களுக்கு இப்படி ஒரு குடும்பமே சாட்சியாகக் கிடைப்பது அபூர்வம்.

அடுத்தது வால்: 'உலென்ட்டுஸ்'. எதன் பின்னால் ஒட்டுகிறதோ அது நிரம்பி வழிகிறது என்று காட்டும் ஒட்டு. இப்போது நர்சரிகளில் 'சக்குலென்ட்' என்று எழுதி, தடித்த இலையுள்ள சின்னச் செடிகளைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து விற்கிறார்கள் அல்லவா? லத்தீனில் 'சூக்குஸ்' என்றால் சாறு. சாறு நிரம்பியது சக்குலென்ட். விமானம் குலுங்கும்போது சொல்கிறார்களே 'டர்புலென்ஸ்', அதில் இருப்பது 'துர்பா', கூட்டம், அமளி. 'ஃப்ராடு' மிகுந்தால் ஃப்ராடுலென்ட். நஞ்சுக்கு லத்தீனில் 'வீருஸ்'. நஞ்சு மிகுந்தால் விருலென்ட். செல்வம் கொழித்தாலும் இதே ஒட்டு வரும் என்றாலும், பெரும்பாலும் முகம் சுளிக்க வைக்கும் பொருள்களின் பின்னால்தான் ரோமானியர்கள் இதை ஒட்டியிருக்கிறார்கள். சாறு நிரம்பிய செடியும் சீழ் நிரம்பிய புண்ணும் இலக்கணத்தில் அண்ணன் தம்பி. அடுத்த முறை யாராவது அந்தக் கிண்ணத்தைப் பரிசளித்தால் இதை நினைக்காமல் இருப்பது கஷ்டம்.

'பூஸ்' என்பதன் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. வடமொழியில் சீழுக்குப் 'பூய', நாற்றத்துக்குப் 'பூதி'. கிரேக்கத்தில் 'பியோன்'. லத்தீனிலேயே அழுகிப்போன என்பதற்குப் 'புத்ரிதுஸ்'. ஜெர்மானிய மொழிகளுக்குள் நுழையும்போது பழைய 'ப' எல்லாம் 'ஃப' ஆகிவிடும். லத்தீனில் 'பாத்தெர்' என்பது இங்கிலீஷில் 'ஃபாதர்' என்று இருப்பது போல. அந்தக் கணக்கில் இங்கிலீஷ் 'ஃபவுல்' கூட சீழின் சொந்தக்காரன்தான். கபடி மைதானத்தில் நடுவர் விசில் ஊதி 'ஃபவுல்' என்னும்போது, வேரைத் தோண்டிப் பார்த்தால் 'அழுகல்' என்கிறார்.

இந்தப் 'பூ' என்ற வேரே, கெட்ட வாடை வந்ததும் மனிதன் உதட்டைக் குவித்து ஊதும் ஒலியிலிருந்து பிறந்திருக்கலாம் என்று சிலர் ஊகிக்கிறார்கள். நிரூபிக்க வழியில்லை. ஆனால் தமிழன் அதை உடனே ஒதுக்கிவிட மாட்டான். அகராதியைப் பிரித்துப் பாருங்கள்: 'சீ' என்பதற்குச் சீழ் என்றும் பொருள் இருக்கும், அருவருப்புக் குறிப்பு என்றும் இருக்கும்.

கிரேக்கப் 'பியோன்' நம் ஊருக்கு 'பயோ' என்று வந்து சேர்ந்தது. ஈறில் சீழ் வடிந்தால் பயோரியா. பல்பொடி விளம்பரங்கள் அந்தச் சொல்லைக் கிராமம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன. இங்கேயும் தமிழ்ப் 'ப' நம்மைக் காலை வாரிவிடும். உயிரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் நமக்கு 'பயோ'தான். பயோடேட்டாவில் இருப்பது உயிர், பயோரியாவில் இருப்பது சீழ்.

தமிழில் பியூருலென்ட் என்பதற்கு என்ன சொல்வது? கலைச்சொல் பட்டியல்கள் 'சீழ்சார்ந்த' என்றோ 'சீழுள்ள' என்றோ ஏதாவது தரும். எனக்கு அவற்றில் திருப்தியில்லை. தமிழ் இந்த இடத்தில் பெயரடையைத் தேடுவதில்லை, வினையைத் தேடுகிறது. புண் சீழ் வைக்கும். கட்டிக்குள் சீழ் கோக்கும். சீழ் பிடிக்கும், கட்டும், வடியும். நாட்பட்டால் புரையோடும். சில வீடுகளில் சலம் என்பார்கள், யாழ்ப்பாணத்தில் சிதல். எந்த வினை வருகிறது என்பதிலிருந்தே புண் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கோத்திருக்கிறது என்றால் உள்ளே நிற்கிறது, வடிகிறது என்றால் வழி கிடைத்துவிட்டது. லத்தீன்காரர்களுக்கும் இதற்குச் சமமான ஒரு வினை இருந்தது. 'சுப்பூராரே', அதாவது அடியில் சீழ் கட்டுதல். நாள்பட்டு ஒழுகும் காதைக் காது-மூக்கு-தொண்டை டாக்டர்கள் 'சப்புரேட்டிவ்' என்று எழுதுவது இதிலிருந்துதான். பியூருலென்ட் கண்ணில் படுகிற தோற்றத்தைச் சொல்கிறது; சப்புரேட்டிவ் உள்ளே நடக்கிற காரியத்தைச் சொல்கிறது.

எல்லாவற்றையும்விட நல்ல சொல் நம் பாட்டிகளிடம் இருக்கிறது: கட்டி பழுத்துவிட்டது. கட்டி முதலில் காயாக, கல்லு மாதிரி இருக்கும், தொட விடாது. வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி அனலில் வாட்டி வைப்பார்கள், அரிசிமாவைக் களி கிண்டிப் பொறுக்கும் சூட்டில் பற்றுப் போடுவார்கள். இரண்டு மூன்று நாளில் நடுவில் மஞ்சளாக ஒரு முனை தெரியும், தொட்டால் மெத்தென்று இருக்கும். பழுத்துவிட்டது, இனி உடையும்.

பழைய கிரேக்க மருத்துவர்களும் இதையேதான் சொன்னார்கள். அவர்களுடைய சொல் 'பெப்சிஸ்'. பழுப்பது, சமைவது, செரிப்பது மூன்றுக்கும் அது ஒரே சொல். உடம்பின் சூடு கெட்ட ரத்தத்தைச் சமைத்து, பழுக்க வைத்துச் சீழாக்குகிறது என்பது அவர்கள் கணக்கு. 1836-இல் இரைப்பையில் செரிமானப் பொருள் ஒன்றைக் கண்டுபிடித்த தியோடர் ஷ்வான், இந்தச் சொல்லை எடுத்துத்தான் அதற்குப் 'பெப்சின்' என்று பெயர் வைத்தார். கடையில் விற்கும் குளிர்பானத்தின் பெயரும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். பெப்சினை மறந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும்.

பழுத்தால் ஆறும் என்று நினைத்தவர்களுக்கு, சீழ் நல்ல சகுனமாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. ஹிப்போகிரட்டஸ் பெயரில் வழங்கும் மணிமொழித் தொகுப்பில் ஒன்று, நெஞ்சுக்கூட்டில் கோத்த சீழைத் திறந்துவிடுவது பற்றியது. வெளுப்பாக, சுத்தமாக வந்தால் நோயாளி பிழைப்பான். ரத்தமும் சேறுமாக நாற்றத்தோடு வந்தால் சாவான் என்பது அதன் சாரம். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் எழுதிய செல்சஸ் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார். புண்ணிலிருந்து வருவதை ரத்தம், அதைவிட நீர்த்த 'சானியெஸ்', எல்லாவற்றிலும் கெட்டியான, வெளுத்த, பசைபோல் ஒட்டும் சீழ் என்று பிரித்தார். சீழ் வந்தால் புண் ஆறத் தொடங்கியிருக்கிறது என்றார். அதிலும் எது நல்ல சீழ்? குறைவாக, கெட்டியாக, வெள்ளையாக, வாடையில்லாமல், ஒரே சீராக இருப்பது. தயிர் வாங்கும்போது நாம் பார்ப்பதை எல்லாம் அவர் சீழில் பார்த்திருக்கிறார்.

இடைக்கால ஐரோப்பாவில் இது ஒரு கோட்பாடாகவே இறுகிப்போயிற்று. 'நல்ல, போற்றத்தக்க சீழ்' என்று லத்தீனில் ஒரு தொடர் உருவானது. சீழ் வரவில்லை என்றால் வரவழைத்தார்கள். தோலைத் துளைத்து நூலையோ குதிரை மயிரையோ கோத்துவிட்டு, தினம் இழுத்துவிட்டுப் புண்ணை ஆறவிடாமல் வைத்திருப்பது ஒரு வைத்தியம். தோலைக் கீறி உள்ளே ஒரு பட்டாணியை வைத்துக் கட்டி, சீழ் ஓடிக்கொண்டே இருக்கும்படி பார்த்துக்கொள்வது இன்னொன்று. 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் இது நடந்தது.

எதிர்த்தவர்களும் இருந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் தியோடோரிக் என்ற டொமினிக்கன் சபைத் துறவி, பின்னாளில் செர்வியா நகரத்தின் ஆயர், சீழ் வந்தால்தான் காயம் ஆறும் என்பதைப்போல் பெரிய பிழை வேறில்லை என்று எழுதினார். காயத்தைத் திராட்சை மதுவால் கழுவி, குப்பையை எடுத்துவிட்டு, ஓரங்களைச் சேர்த்துக் கட்டினால் போதும் என்பது அவர் தன் குரு லுக்கா ஊர் ஹ்யூகோவிடம் கற்ற பாடம். பிரான்ஸ் அரசரின் அறுவை மருத்துவர் ஆன்ரி த மோந்தெவில் அதை ஏற்றுக்கொண்டார். ஊர் ஏற்கவில்லை. 600 வருடம் கழித்து, 1865-இல் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர், வண்டி ஏறிக் கால் முறிந்த 11 வயதுப் பையனின் காயத்தைக் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியால் கட்டி, சீழே இல்லாமல் ஆற்றிக் காட்டினார். 1867-இல் அவர் அதை எழுதி வெளியிட்ட பிறகும் ஒத்துக்கொள்ளப் பலருக்கு வெகுகாலம் பிடித்தது.

வழக்கமாகக் கதையை இந்த இடத்தில் முடித்து, பழைய ஆட்கள் மூடர்கள், லிஸ்டர் வந்து கண்ணைத் திறந்தார் என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. செல்சஸின் கண் தப்பாகப் பார்க்கவில்லை. கெட்டியான வெள்ளைச் சீழ் வந்தவன் பெரும்பாலும் பிழைத்தான், நீர்த்த சீழ் வந்தவன் பெரும்பாலும் செத்தான். அது நிஜம். ஆகவே கெட்டிச் சீழ்தான் காப்பாற்றியது என்று முடிவு கட்டியதில்தான் சறுக்கினார்கள்.

ஏன் அப்படி நடந்தது என்பதற்கு முதல் துப்பு ஸ்காட்லாந்தில், அபர்டீன் நகரத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் கிடைத்தது. அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் என்ற அறுவை மருத்துவர் கட்டிகளைக் கீறி எடுத்த சீழைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உருண்டை உருண்டையாக நுண்ணுயிர்கள். சில மணிமாலை போலச் சரமாக. சில குலை குலையாக. சரத்துக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பெயர் அப்போதே புழக்கத்தில் இருந்தது. குலைக்கு 1882-இல் அவர் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'ஸ்டாஃபிலே' திராட்சைக் குலை.

இந்த இரண்டு கிருமிகளுக்கும் குணம் வேறு. குலைக்கிருமி தன்னைச் சுற்றி ரத்தப் புரதத்தை உறையவைத்துச் சுவர் கட்டிக்கொள்ளும். உடம்பும் வெளியிலிருந்து ஒரு சுவர் எழுப்பும். நடுவில் சீழ் கெட்டியாகத் தங்கும். ஓரிடத்தில் கட்டி, பழுத்து உடையும். சரக்கிருமி நேரெதிர். உறைந்ததைக் கரைக்கும், திசுவின் ஒட்டுப்பசையைக் கரைக்கும், இடுக்கெல்லாம் புகுந்து பரவும். அங்கே சீழ் என்று கட்டுவதற்கு நேரமில்லை. நீராகக் கசியும், காய்ச்சல் ஏறும், ரத்தத்தில் கலந்தால் முடிந்தது. போற்றத்தக்க சீழ் என்று அவர்கள் போற்றியதன் உண்மைப் பொருள், நோயாளிக்கு வந்தது சரக்கிருமி இல்லை என்பதுதான்.

சீழைக் கெட்டியாக்குவது எது? இதற்கான விடைதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகப் பிடித்தது.

சீழில் பெரும்பகுதி செத்த வெள்ளையணுக்கள், குறிப்பாக நியூட்ரோஃபில். எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோஃபில்களைத் தயாரிக்கிறது. ரத்தத்தில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்காத ஆட்கள். கிருமி நுழைந்த இடத்துக்கு ஓடிவந்து, விழுங்கி, செத்து விழுந்து குவிந்தால் சீழ். 1868-இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்துக்கு வந்த ஃப்ரீட்ரிஷ் மீஷர் என்ற 24 வயது சுவிஸ் இளைஞர், உயிரணுவின் வேதியியலை ஆராய எளிமையான உயிரணு வேண்டும் என்று தேடினார். பக்கத்து அறுவைக் கூடத்திலிருந்து தூக்கியெறியும் சீழ்த்துணிகளைக் கேட்டு வாங்கினார். லிஸ்டர் முறை அங்கே வேரூன்றாத காலம். சீழுக்குப் பஞ்சமே இல்லை. அந்த ஊர்க் கோட்டையின் பழைய சமையலறைதான் அவருடைய ஆய்வுக்கூடம். அழுகி நாறிய துணிகளை ஒதுக்கிவிட்டு, நல்லதை உப்புக் கரைசலில் அலசி அணுக்களைப் பிரித்தெடுத்தார். மேலே ஒட்டியிருந்த புரதத்தைக் கழிக்க, பன்றி இரைப்பையை அமிலத்தில் ஊறவைத்து எடுத்த பெப்சினைச் சேர்த்தார். பழுப்பதைக் குறிக்கும் சொல்லின் பேத்தியைக் கொண்டு பழுத்ததையே செரிக்கவைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உயிரணுவின் கருவுக்குள்ளிருந்து, புரதத்தைப் போல் நடந்துகொள்ளாத, பாஸ்பரஸ் நிறைந்த ஒரு பொருள் கிடைத்தது. 'நியூக்ளின்' என்று பெயர் வைத்தார். அவருடைய பேராசிரியர் ஹோப்பே-சைலர் நம்பாமல் தானே ஒரு முறை செய்து பார்த்த பிறகுதான், 1871-இல் அச்சேற விட்டார். இன்று அதற்கு டி.என்.ஏ. என்று பெயர். பரம்பரையின் எழுத்து முதன்முதலில் சீழ்த்துணியில்தான் கிடைத்தது.

செத்த நியூட்ரோஃபில்கள் உடையும்போது அவற்றுக்குள் சுருட்டி வைத்திருந்த டி.என்.ஏ. இழைகள் அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்குகின்றன. கெட்டித்தன்மை பெருமளவுக்கு அந்தச் சிக்கல்தான். அல்ஃப்ரெட் டோனே என்ற பிரெஞ்சு மருத்துவர் பெயரால் ஒரு பழைய சோதனை உண்டு. சிறுநீரில் கலங்கலாகப் படிந்திருப்பது சீழா என்று பார்க்க, கொஞ்சம் பொட்டாஷ் காரத்தைச் சேர்ப்பார்கள். சீழாக இருந்தால் வெண்டைக்காய்க் கொழகொழப்பு மாதிரி இழுபடும். உள்ளே நடந்தது அணுக்கள் உடைந்து டி.என்.ஏ. கரைந்ததுதான். டோனே காலத்தில் யாருக்கும் அது தெரியாது. 2004-இல் பெர்லின் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள்: நியூட்ரோஃபில் சாகும்போது தன் டி.என்.ஏ.வைத் தானே வலையாக வீசிக் கிருமியைப் பிடிக்கவும் செய்கிறது.

சரக்கிருமிக்கு இந்த வலையை வெட்டத் தெரியும். டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக நறுக்கும் நொதியைச் சுரக்கிறது. சீழ் நீர்த்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம். 1949-இல் அமெரிக்காவில் ஷெரியும் டில்லெட்டும் அந்தக் கிருமியின் நொதிகளையே எடுத்துச் சுத்தப்படுத்தி, நெஞ்சுக்கூட்டில் கெட்டியாகக் கட்டிய சீழுக்குள் ஊசியால் செலுத்திக் கரைத்து வடித்தார்கள். ஹிப்போகிரட்டஸ் காலத்தில் வாழ்வா சாவா என்று பார்த்த அதே நெஞ்சுச் சீழ். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே 'பியூருலென்ட்' உட்கார்ந்திருக்கிறது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீழும் சளியும் பச்சையாவது அழுக்கினால் என்று நினைப்பவர்கள் உண்டு. நியூட்ரோஃபிலுக்குள் இரும்பு சேர்ந்த ஒரு பச்சை நொதி இருக்கிறது; கிருமியைக் கொல்ல, ப்ளீச்சிங் பவுடரில் இருக்கும் சரக்குக்கு நெருங்கிய ஒன்றைத் தயாரிப்பது அதன் வேலை. வெள்ளையணு எவ்வளவு குவிகிறதோ அவ்வளவு பச்சை. ஜலதோஷம் பிடித்தாலும் குவியும். பச்சைச் சளி வந்ததுமே மெடிக்கல் ஷாப்பில் ஆன்ட்டிபயாட்டிக் கேட்டு நிற்பது அதனால் அவசரம். ஆனால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. மூச்சிரைப்பு கூடியதா, சளி கூடியதா, சளி பியூருலென்ட் ஆனதா என்ற மூன்று கேள்விகளை 1987-இல் ஆன்தோனிசன் என்ற கனடா மருத்துவரின் குழு முன்வைத்தது. இன்றும் அதை வைத்துத்தான் மருந்து தரலாமா என்று யோசிக்கிறார்கள்.

தோல் தொற்றிலும் இந்தப் பெயரடைக்கு இதே அதிகாரம். 2014-இல் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டி, எடுத்த எடுப்பில் தோல் தொற்றுகளை இரண்டாகப் பிரிக்கிறது: பியூருலென்ட், பியூருலென்ட் அல்லாதது. முதல் வகை கட்டி, கொப்புளம், பிளவை. காரணம் பெரும்பாலும் குலைக்கிருமி. முதல் வேலை கீறிவிடுவது. சுவருக்குள்ளே ரத்த ஓட்டம் இல்லாத இடத்துக்கு மாத்திரை போய்ச் சேராது. இரண்டாவது வகை செக்கச்செவேல் என்று பரவும் தோலழற்சி போன்றவை. காரணம் பெரும்பாலும் சரக்கிருமி. கத்திக்கு அங்கே பெரும்பாலும் வேலையில்லை, மருந்துதான். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் செல்சஸ் வெறுங்கண்ணால் கிழித்த கோடு, ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது.

எங்கள் உறவினருக்குக் கட்டிலில் பதினோரு நாள். கேஸ் ஷீட்டை நானும் தினம் எட்டிப் பார்ப்பேன். முதல் நான்கு நாள் பியூருலென்ட். அதன் பிறகு 'சீரோபியூருலென்ட்' என்று எழுதியிருந்தார்கள். அதாவது தெளிநீரும் சீழும் கலந்து. ஒன்பதாம் நாள் 'சீரஸ்', வெறும் தெளிநீர். பத்தாம் நாள் அந்தப் பயிற்சி டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "டிஸ்சார்ஜ் இல்ல சார்" என்றார். பாட்டியின் முகம் வாடிவிட்டது. "இன்னும் எத்தனை நாளைக்குய்யா வச்சிருப்பாங்க?" என்று என்னிடம் கேட்டார். டிஸ்சார்ஜ் நின்றால்தான் டிஸ்சார்ஜ் என்று அவருக்கு விளக்கிப் புரியவைப்பதற்குள் ரவுண்ட்ஸ் முடிந்துவிட்டது.

மறுநாள் அனுப்பிவிட்டார்கள். காலை ஊன்றி ஏற முடியாது என்பதால் ஆட்டோவில்தான் போனோம்.